பழைய நேரமோ, புது நேரமோ?

சமாதான காலத்தில் ஏ-9 வீதியால் பயணம் செய்தவர்களுக்கு இந்தக் கேள்வி நினைவிருக்கும். வன்னியில் ஒருவரைச் சந்திக்க நேரம் குறித்தால், "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று கேட்டாக வேண்டும். செய்தியாளனான நானும் கேட்டிருக்கிறேன். கேட்க மறந்த நாட்களில் அரை மணி நேரம் வாசலில் காத்திருந்ததும் உண்டு.

கடிகாரத்தை மாற்றுவது இத்தீவுக்குப் புதிதல்ல. உலகப்போரின்போது 1942 இல் முன்தள்ளப்பட்ட நேரம் 1945 இல்தான் பழைய நிலைக்குத் திரும்பியது. 1996 இல் வறட்சியால் நீர்மின் உற்பத்தி வீழ்ந்தபோது, மின்சாரத்தைச் சேமிக்கவென மே 25 முதல் ஒரு மணி நேரம் கூட்டப்பட்டது. ஒக்டோபரில் அரை மணி குறைக்கப்பட்டது. எஞ்சிய அரை மணி 2006 ஏப்ரல் 15 வரை நீடித்தது.

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இம்மாற்றம் ஏற்கப்படவில்லை. ஆகவே 2002 இல் பாதை திறந்தபின், வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் செல்பவர் ஓமந்தைக்கு அப்பால் கைக்கடிகாரத்தை அரை மணி பின்தள்ளி, முகமாலை தாண்டியதும் மீண்டும் முன்தள்ள வேண்டியிருந்தது. நாடு ஒன்று, நேரம் இரண்டு.

இன்று இந்தக் கணக்கைக் கையடக்கத் தொலைபேசி பார்த்துக்கொள்கிறது. நல்ல செயலி நேரத்தை உலகப் பொது நேரமாகச் சேமித்து, பார்ப்பவரின் ஊருக்கும் விருப்பத்துக்கும் ஏற்பக் காட்டும். யுனிகோட் அமைப்பின் மொழித் தரவில் தமிழகத் தமிழுக்கு 12 மணி வடிவமும் இலங்கைத் தமிழுக்கு 24 மணி வடிவமும் தனித்தனியே உள்ளன. ஆனால் உலக நேர வலய அட்டவணையில் இலங்கைக்கு இருப்பது கொழும்பு என்ற ஒரே வரி. வன்னியின் நேரத்துக்கு அங்கே இடமில்லை.

இதன் விளைவைப் பாருங்கள். 2003 ஜனவரியில் கிளிநொச்சியில் காலை 10 மணிக்கு நடந்ததாக ஒருவர் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர் எழுதியது பழைய நேரம். அப்போது இலண்டனில் அதிகாலை 4.30. அக்குறிப்பை இன்று கொழும்பு நேரமாகப் பதிந்தால், இலண்டனிலுள்ள பிள்ளையின் தொலைபேசி 4.00 என்று காட்டும். இயந்திரம் தவறவில்லை; அதற்கு ஒருவரும் சொல்லவில்லை.

அரை மணி அற்பமாகத் தோன்றலாம். ஒருவர் கடைசியாக எங்கே, எப்போது காணப்பட்டார் என்பதைச் சாட்சியங்களிலிருந்து கோப்பவர்களுக்கு அது அற்பமல்ல. ஆகவே, 1996 முதல் 2006 வரையான வன்னிக் குறிப்புகளைக் கணினியில் ஏற்றுவோரிடம் ஒரு வேண்டுகோள்: மணியை மட்டும் பதியாதீர்கள். அது பழைய நேரமா, புது நேரமா என்பதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். எழுதியவர் உயிரோடிருந்தால், இன்றே கேட்டுவிடுங்கள்.