கொடையும் கடனும்: மாலத்தீவு சொல்லும் கணக்கு

ஏறத்தாழ 1,200 பவளத் தீவுகள். மக்கள்தொகை ஐந்து லட்சத்தையொட்டி. இத்தகைய சிறு நாடு, நூற்று நாற்பது கோடி மக்கள் வாழும் இந்தியாவின் வெளியுறவுக் கொள்கையை அடிக்கடி சோதனைக்கு உள்ளாக்குகிறது. மேற்காசியாவையும் கிழக்காசியாவையும் இணைக்கும் கப்பல் பாதையில் மாலத்தீவு அமைந்திருப்பதே அதற்குக் காரணம்.

1965-இல் விடுதலை பெற்ற அந்நாட்டை முதலில் அங்கீகரித்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. 1988 நவம்பரில் அதிபர் கயூமின் அரசைக் கவிழ்க்கக் கூலிப்படையினர் முயன்றபோது, ஆக்ராவிலிருந்து பறந்து சென்ற இந்திய வான்குடைப் படையினர் அன்றிரவே தரையிறங்கி அதை முறியடித்தனர். 2004-இல் ஆழிப்பேரலை தாக்கியபோது தானே பாதிக்கப்பட்டிருந்த நிலையிலும் இந்தியா உதவிக்கு விரைந்தது.

எனினும், இவை எல்லாவற்றிலும் 2014 டிசம்பர் நிகழ்வையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். தலைநகர் மாலேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தீ விபத்தால் முடங்கியது. உடனடியாக இந்திய விமானங்களும் கடற்படைக் கப்பல்களும் குடிநீரைக் கொண்டு சேர்த்தன. அப்போது ஆட்சியில் இருந்தவர் சீனாவுடன் நெருக்கம் பாராட்டிய அதிபர் யாமீன். ஆட்சியாளர் யார் என்று பாராமல் மக்களின் தாகத்தைத் தீர்த்த உதவி அது.

பின்னர் உதவி போட்டியாக மாறியது. சீன நிதியுதவியில் மாலேயை விமான நிலையத் தீவுடன் இணைக்கும் பாலம் 2018-இல் திறக்கப்பட்டது. 2020-இல் மற்றொரு பெரும் பாலத் திட்டத்துக்கு இந்தியா 50 கோடி டாலரை அறிவித்தது. அதில் 40 கோடி கடன். 10 கோடி மட்டுமே கொடை.

இவ்வளவுக்குப் பிறகும் 'இந்தியாவே வெளியேறு' என்ற முழக்கம் எழுந்தது. 2023 தேர்தலில் முய்சு வென்றார். நோயாளிகளை ஏற்றிச் செல்லப் பயன்பட்ட ஹெலிகாப்டர்களை இயக்கிய இந்தியப் படையினர் 2024 மே மாதத்துக்குள் திரும்ப நேர்ந்தது. அவர்களின் இடத்துக்கு இந்தியத் தொழில்நுட்பப் பணியாளர்கள் சென்றனர். இதை நன்றிகெட்ட செயல் என்று இகழ்வது எளிது. ஆனால், அயல்நாட்டுச் சீருடை தன் மண்ணில் நிற்பதைக் கண்டு சிறிய நாடு அஞ்சுவது இயல்பு. ஒப்பந்தங்களின் விவரம் மக்களுக்குத் தெரியாதபோது அந்த அச்சம் அரசியல் முதலாகிறது.

இந்தியா பொறுமை காத்தது பலன் தந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியில் தவித்த மாலத்தீவுக்கு 2024 அக்டோபரில் 40 கோடி டாலர், 3,000 கோடி ரூபாய் அளவிலான நாணயப் பரிமாற்ற ஏற்பாடு கிடைத்தது. 2025 ஜூலையில் ஆண்டுக் கடன் தவணை 5.1 கோடி டாலரிலிருந்து 2.9 கோடியாகக் குறைக்கப்பட்டதுடன், 4,850 கோடி ரூபாய் புதிய கடனும் அறிவிக்கப்பட்டது. டாலருக்குத் திண்டாடும் நாட்டுக்கு ரூபாயில் கடன் தருவது நல்ல மாற்றம். ஆயினும், ஒரு கடனின் சுமையைக் குறைத்த கையோடு மற்றொரு கடனை ஏற்றுவது நிரந்தரத் தீர்வு ஆகாது.

மாசிக் கருவாடு தமிழ்நாட்டுச் சமையலறைக்கு வந்ததும், தூத்துக்குடித் தோணிகள் மாலேக்குச் சரக்கு ஏற்றிச் சென்றதும் எந்த அரசின் நிதியுதவியாலும் அல்ல. கொடுப்பதும் கொள்வதுமான அந்தச் சமநிலையே உறவின் அடித்தளம். பாலங்களைக் காட்டிலும் தீவுதோறும் மருத்துவமனை, குடிநீர், கல்வி ஆகியவற்றுக்குக் கொடையாகத் தரப்படும் தொகையும், இரு நாட்டு நாடாளுமன்றங்களின் பார்வைக்கு வைக்கப்படும் ஒப்பந்தங்களுமே ஆட்சி மாற்றங்களைத் தாண்டி நிற்கும் என்பது என் கருத்து.