பழைய குழிப்பந்துத் திடலுக்குப் புது உயிர் கொடுப்பது எப்படி?

பழைய பாட்டைச் சிலர் ரீமிக்ஸ் செய்வாங்க, சிலர் அச்சு அசலாக அப்படியே பாடுவாங்க. குழிப்பந்துத் திடல்களிலும் இந்த இரண்டு வழியும் உண்டு, தெரியுமா?

இரண்டுக்கும் உதாரணமாக இருப்பவர் ஒருவரே: சார்ல்ஸ் பிளேர் மெக்டொனால்ட் (1855-1939).

யார் இவர்?

அமெரிக்கத் திடல் வடிவமைப்பின் முன்னோடி. ஸ்காட்லந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் படித்தபோது விளையாட்டைக் கற்றார். பிறகு பிரிட்டனின் சிறந்த குழிகளை ஆராய்ந்து, அவற்றின் உத்திகளை நியூயார்க்கின் லாங் ஐலண்டில் தாம் அமைத்த 'நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் ஆஃப் அமெரிக்கா' திடலில் பயன்படுத்தினார்.

உத்தி என்றால்?

'ரெடான்' குழியை எடுத்துக்கொள்ளுங்கள். இதன் மூலம் ஸ்காட்லந்தின் நார்த் பெரிக் திடலில் உள்ளது. கொடி நடப்பட்ட புல்தரை குறுக்காக அமைந்து, பின்பக்கம் சரிந்திருக்கும். முன்னால் இடப்பக்கம் ஆழமான மணல் பள்ளம்.

நேராகக் கொடியைக் குறிவைத்தால் ஆபத்து. வலப்பக்கம் பந்தை இறக்கினால், சரிவே அதை உருட்டிக்கொண்டு போகும். பலத்தைவிட யோசனைக்குத்தான் இங்கே பலன் அதிகம்.

வழி 1: ரீமிக்ஸ்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கடற்கரையில், 2010இல் 'ஓல்ட் மெக்டொனால்ட்' திடல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர்கள் டாம் டோக், ஜிம் உர்பினா. அவர்கள் மெக்டொனால்டின் குழிகளை அளந்து நகலெடுக்கவில்லை. 'இந்த நிலம் அவரிடம் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார்?' என்று யோசித்தார்கள். அதனால் அங்கும் ரெடான் உண்டு, ஆனால் அந்த மணல்மேட்டுக்கு ஏற்றபடி.

வழி 2: அச்சு அசல்

மெக்டொனால்ட் லாங் ஐலண்டில் அமைத்த இன்னொரு திடல் 'லிடோ'. சதுப்பு நிலத்தை மணலால் நிரப்பி உருவாக்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்த இடத்தை அமெரிக்கக் கடற்படை எடுத்துக்கொள்ள, திடல் அழிந்துபோனது.

பழைய புகைப்படங்களை வைத்து அதன் மேடுபள்ளங்களைக் கணினியில் மீட்டெடுத்தார்கள். அதைக் கொண்டு டோக் குழுவினர் விஸ்கான்சினில் கட்டிய லிடோ, 2023இல் திறக்கப்பட்டது. ஆனால் ஒன்று, விஸ்கான்சினில் கடல் கிடையாது!

எது உண்மையான மரியாதை?

நகல் எடுத்தால், தொலைந்துபோன ஒன்றை இன்றைய ஆட்டக்காரர் ஆடிப் பார்க்கலாம். ஆனால் மெக்டொனால்டே தம் மாதிரிக் குழிகளை நிலத்துக்கேற்ப மாற்றியவர். அப்படிப் பார்த்தால், ரீமிக்ஸ்தான் அவர் வழி.

அடுத்த முறை தொலைக்காட்சியில் குழிப்பந்து பார்க்கும்போது, கொடிக்குப் பக்கத்தில் விழாத பந்தை உடனே 'தப்பு' என்று நினைச்சிடாதீங்க. அது உருளும் திசையைக் கவனியுங்கள்.