நக நுனியில் ஒரு வெள்ளைக் கோடு

பிரெஞ்ச் மெனிக்யூர் என்பது நகம் முழுவதும் வெளிர் இளஞ்சிவப்போ நிறமற்ற பூச்சோ பூசி, நுனியில் மட்டும் வெள்ளைக் கோடு தீட்டும் நக ஒப்பனை. பெயர்தான் பிரெஞ்சு, உருப்பெற்ற இடம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா. பிரான்ஸ் நாட்டுப் பெண்களே இதைத் தங்கள் மொழிச் சொல்லை விட்டு 'லா ஃப்ரெஞ்ச்' என்று ஆங்கிலச் சொல்லால்தான் பெரும்பாலும் குறிப்பிடுகிறார்கள்.

வெள்ளை நுனிமேல் உள்ள ஆசை மட்டும் அந்தப் பெயரைவிட மிகவும் பழையது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய, அமெரிக்க நடுத்தர வீடுகளில் நகப் பராமரிப்பு என்றால் சுத்தம்தான். நிறம் பூசுவது அதில் சிறு பங்கே. நகத்தை வெட்டி, அராவி, பொடி தூவி, மெல்லிய தோலால் தேய்த்து மினுக்குவார்கள். பிரான்சில் இந்தக் கலையைக் கற்றுத் திரும்பிய மேரி காப் 1878இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் நகப் பராமரிப்பு நிலையம் ஒன்றைத் திறந்தார். நிலையத்துக்கு வர முடியாதவர்களுக்காக வீட்டில் பயன்படுத்தும் பொருட்களையும் அவர் விற்றார். ஆக, பிரான்சிலிருந்து உண்மையாகவே அமெரிக்காவுக்கு வந்தது நகத்தைப் பேணும் பழக்கம்; வெள்ளைக் கோடு அல்ல.

வீட்டு ஒப்பனைக்குத் தனிச் சந்தையே உருவாகக் காரணமானவர்களில் ஒருவர் நார்தம் வாரன். 1911இல் அவர் க்யூடெக்ஸ் என்ற பெயரில், நகத்தின் அடியோரத் தோலைக் கத்தரி இல்லாமல் நீக்கும் திரவத்தை விற்கத் தொடங்கினார். பின்னர் அதே பெயரில் வந்த சிறு பெட்டிகளில் அராவும் அட்டை, மரக்குச்சி, மினுக்குப் பொடி ஆகியவற்றோடு 'நெயில் ஒயிட்' என்ற வெள்ளைப் பசையும் இருந்தது. பசையை மரக்குச்சியால் தொட்டு, விரல் சதையைத் தாண்டி நீண்டிருக்கும் நுனியின் அடிப்புறத்தில் தடவ வேண்டும். நகம் ஒளி ஊடுருவக்கூடியது என்பதால் அடியில் தடவிய வெள்ளை மேலே தெரியும். இதையே கொஞ்சம் எளிதாக்கியது வெள்ளைப் பென்சில்: முனையைத் தண்ணீரில் நனைத்து நகத்துக்கு அடியில் ஓர் இழு இழுத்தால் போதும். கை கழுவினால் போய்விடும், அவ்வளவுதான்.

1920களில் நைட்ரோசெல்லுலோஸ் கலந்த திரவப் பூச்சு பரவியது. மோட்டார் வண்டிகளுக்கு விரைவில் உலரும் வண்ணம் தந்ததும் இதே பொருள்தான். அப்போதைய மோஸ்தர் இன்றைய பழக்கத்துக்கு நேர் எதிரானது: நடுப்பகுதியில் மட்டும் சிவப்பு பூசி, அடியில் உள்ள பிறையையும் நுனியையும் வெறுமையாக விடுவார்கள். 1932இல் தொடங்கிய ரெவ்லான் நிறுவனம் அடர்நிறப் பூச்சுகளைப் பரப்பியபின் பிறையும் நுனியும் படிப்படியாகச் சிவப்புக்குள் மறைந்தன. உதட்டுச் சாயமும் நகமும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டமானது.

அந்தச் சட்டம் படப்பிடிப்புத் தளத்தில்தான் தொல்லையாக முடிந்தது. நடிகை உடை மாற்றும்போதெல்லாம் பழைய பூச்சை அழித்து, புதியதை இரண்டு முறை பூசி, உலரும்வரை கையைத் தூக்கிப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். கேமராவும் விளக்குகளும் சும்மா நிற்கும். 1970களின் நடுவில் ஹாலிவுட் இயக்குநர் ஒருவர், எல்லா உடைக்கும் பொருந்தும் நகம் வேண்டும் என்று ஓர்லி நிறுவனத்தின் ஜெஃப் பிங்கிடம் கேட்டார். 1975இல் நிறுவனத்தைத் தொடங்கியிருந்த அவர் தந்த விடை, இயற்கையான நகத்தையே சற்று மிகைப்படுத்திக் காட்டுவது: மேலே இளஞ்சிவப்பு, நுனியில் வெள்ளை. பென்சில் அடிப்புறத்தில் செய்துவந்த வேலையைப் பூச்சு மேற்புறத்தில் செய்தது, அதுவும் கழுவினால் போகாதபடி. 'இயற்கை நகப் பெட்டி' என்ற பொருள்படும் பெயரில்தான் அது முதலில் விற்றது. பாரிஸ் நவநாகரிக மேடைகளில் அதற்கு வரவேற்பு கிடைத்தபின், 1978இல் பிங்க் அதற்கு 'பிரெஞ்ச் மெனிக்யூர்' என்று பெயரிட்டார். வியாபாரக் கணக்கில் சரியான முடிவுதான். பாரிஸ் என்ற சொல்லுக்கு அழகுச் சந்தையில் இருந்த மதிப்பு கலிஃபோர்னியாவுக்குக் கிடையாது.

நேரத்தை மிச்சப்படுத்தப் பிறந்த இந்த ஒப்பனை, வீட்டுக்கு வந்ததும் அதிக நேரம் தின்பதாக மாறியது வேடிக்கை. வெள்ளைப் பூச்சுக்கு அடர்த்தி தருவது டைட்டானியம் டையாக்சைடு. அது எதையும் மறைத்துவிடும், கை நடுக்கத்தைத் தவிர. ஓர் இழுப்பில் தீற்றலாகத் தெரியும். இரண்டாவது இழுப்பில் தடித்துவிடும். கை தேர்ந்தவர்கள் தூரிகையை அசையாமல் பிடித்துக்கொண்டு விரலைத்தான் திருப்புவார்கள். வலக்கைக்காரர் இடக்கையை முடித்துவிட்டு வலக்கைக்கு வரும்போது அந்த வித்தையும் கைவிட்டுவிடும்.

இதற்காக வீட்டுப் பெட்டிகளில் பிறை வடிவ ஒட்டுத்தாள்கள் சேர்ந்தன. அடிப்பூச்சு முழுவதும் உலர்ந்தபின் தாளை ஒட்டி, வெளியே தெரியும் நுனியில் வெள்ளை பூசி, அது ஈரமாக இருக்கும்போதே உரிக்க வேண்டும். உலரவிட்டு உரித்தால் ஓரம் கிழிந்து பல்பல்லாக வரும்; அடிப்பூச்சு உலராமல் ஒட்டினால் தாளோடு அதுவும் சேர்ந்து வரும். பிசிறைப் பூச்சு அழிப்பானில் நனைத்த குச்சியால் துடைத்து, கடைசியாக நிறமற்ற பூச்சு பூசினால் கோடு நிற்கும். இவ்வளவு சிரமத்தையும் பொறுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். சிவப்புப் பூச்சில் நகத்தின் அடியில் விழும் இடைவெளி ஒரு வாரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். இளஞ்சிவப்பில் அவ்வளவாகத் தெரியாது.

1975இல் கலிஃபோர்னியாவில் இன்னொன்றும் நடந்தது. நடிகை டிப்பி ஹெட்ரன், சேக்ரமெண்டோவுக்கு அருகில் முகாமில் இருந்த 20 வியட்நாமிய அகதிப் பெண்களுக்குத் தம் நக ஒப்பனையாளரைக் கொண்டு தொழில் கற்பிக்க ஏற்பாடு செய்தார். அவர்களைத் தொடர்ந்து வியட்நாமியர்கள் ஏராளமாக இத்தொழிலுக்கு வர, நக நிலையக் கட்டணம் சரிந்தது. பல் மருத்துவர் ஃபிரெட் ஸ்லாக் 1950களில் வழிகாட்டிய அக்ரிலிக் செயற்கை நகம் இந்த நிலையங்களில் வெள்ளை நுனியோடு சேர்ந்துகொண்டது. 1990களின் இறுதியில் சதுரமாக வெட்டிய நீண்ட நகம், தடித்த வெள்ளைப் பட்டை என்பதே பிரெஞ்ச் மெனிக்யூரின் முகமாயிற்று. இயற்கை நகத்தின் சாயல் அதில் மிச்சமில்லை. சலிப்பும் அங்கிருந்துதான் தொடங்கியது.

2020களில் அது மெலிந்த கோடாகத் திரும்பி வந்தது; நுனி வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் தளர்ந்தது. ஒட்டுத்தாளின் இடத்தை மென்மையான சிலிக்கோன் அச்சு பிடித்துவருகிறது. அச்சில் பூச்சைத் தடவி நகத்தைச் சாய்த்து அழுத்தினால் நுனியின் வளைவில் கோடு தானாகப் பதிகிறது, வலக்கையிலும்கூட. நனைத்துத் தீட்டும் வெள்ளைப் பென்சிலும் இன்னும் விற்பனையில் இருக்கிறது.