டியூப் லைட்டில் ஒரு பெயர்

ஓசூர் பக்கத்துத் தளியில் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடிலுக்குள் நுழைந்தால் மொட்டுகள் எல்லாம் வலைக் குல்லா போட்டுக்கொண்டு நிற்கும். இதழ் அவசரப்பட்டு விரியாமல் மொட்டு நீண்டு பருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ஓசூர் வட்டாரத்தில் பேர் வாங்கிய சிவப்பு ரகத்துக்குத் தாஜ்மஹால் என்று பெயர். காதலர் தினம் நெருங்கினால் அது விமானம் ஏறும். மற்ற நாட்களில் கல்யாண மண்டபத்துக்கும் விழா மேடைக்கும் போகும். குளிர்ச்சியால் ‘குட்டி இங்கிலாந்து’ என்று பேர் எடுத்த தளியில் கொய்மலருக்கென்றே இந்திய–இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தின் மகத்துவ மையம் ஒன்றும் இருக்கிறது. ஏதோ ஓர் அறக்கட்டளை ஆண்டு விழாவில் நன்கொடையாளர் கையில் வைத்து, படம் எடுத்த கையோடு நாற்காலிக்கு அடியில் போய்விடும் பூங்கொத்து, தளி மண்ணில் விளைந்ததாகவும் இருக்கலாம்.

பூங்கொத்து நேற்று வந்தது. கொடுத்தவரைக் கூப்பிட்டு, நாலு பேர் பார்க்க மரியாதை செய்யும் வழக்கத்துக்கு ஆயிரம் வயதுக்கு மேல்.

தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் தான் கொடுத்ததை மட்டும் வெட்டவில்லை. அக்கா குந்தவை கொடுத்தது, தேவியர் கொடுத்தது, அதிகாரிகள் கொடுத்தது, மற்றவர் கொடுத்தது எல்லாம் கல்லில் இருக்கிறது. எழுதியிருக்கும் விதம்தான் விசேஷம். பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’, மணி பதித்த நகையை நிறுக்க ‘தட்சிணமேருவிடங்கன்’ என்று எடைக்கல்லுக்கே இறைவன் பெயர். நகையில் கோத்த சரடும் உள்ளே நிரப்பிய அரக்கும் எடையில் சேர்ந்ததா சேரவில்லையா என்பதுவரை பதிவு. இன்றைக்கு எந்தத் தொண்டு நிறுவனம் தன் புரவலருக்கு இவ்வளவு நுணுக்கமாக ரசீது கொடுக்கிறது?

கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் என்பது அக்காலத்தில் பரவலாக வழங்கிய ஒரு கணக்கு. அந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். செத்ததை ஈன்றது ஈடுகட்டும். எண்ணிக்கை குறையாது, நெய் நிற்காது. கொடுத்தவர் பெயரும் விளக்கோடு சேர்ந்து நிற்கும். பல கல்வெட்டுகளின் கடைசியில், இந்தத் தர்மத்தைக் காப்பவரின் பாதம் தன் தலைமேல் என்று கொடை கொடுத்தவரே வணங்கி முடிக்கிறார். கொடுத்தவருக்கு மரியாதை செய்வது தெரிந்த சங்கதி. கொடுத்தவர், தான் கண்ணால் காணப்போகாத ஒரு பிற்காலத்து ஆளுக்கு முன்கூட்டியே மரியாதை செய்வது வேறு ரகம்.

பெயரைக் கல்லில் வெட்டுவதில் சண்டை குறைவு. ஆளை நேரில் நிறுத்தியதும் வருவதுதான் தகராறு. தீர்த்தம், சடாரி, பரிவட்டம், மாலை, பிரசாதம் ஆகியவற்றின் விலை சொற்பம். யாருக்கு முதலில் என்பதற்குத்தான் விலை அதிகம். திருவிழாவில் ஒவ்வொரு நாள் மண்டகப்படிக்கும் ஒரு கட்டளைதாரர் உண்டு. அந்த வரிசையில் ஒரு பெயர் முன்பின்னானால் போதும். ஆழ்வார்திருநகரியில் கோயில் மரியாதை குறித்து இரண்டு ஜீயர்களுக்கிடையே எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1961இல் தீர்ந்தது. வெறும் மரியாதைக்காக மட்டும் உரிமை வழக்கு நிற்காது; ஒரு பதவியோடு ஒட்டிய வரும்படியாக அந்த மரியாதை இருந்தால் நிற்கும் என்றது தீர்ப்பு. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தேர் வடம் பிடிப்பதும் மரியாதை பெறுவதும் சாதிப் பிரச்சினையாகி, 1998 முதல் நீதிமன்றம், காவல்துறை என்று நீண்டது. முதல் மரியாதை என்ற சொல்லுக்குள்ளேயே யாருக்கு மரியாதை இல்லை என்பதும் அடங்கியிருக்கிறது. இந்த வழக்கத்தை ரசித்து எழுதுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிடுகிறார்கள்.

கோயிலை விட்டு வெளியே வந்த வரிசை அச்சு அழைப்பிதழில் ஏறிக்கொண்டது. தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை. பணம் கொடுத்தவருக்குப் பேச வராது என்றால் அவருக்கென்றே இருப்பது ‘முன்னிலை’. ஒன்றும் செய்ய வேண்டாம், மேடையில் இருந்தால் போதும். இவ்வளவு நாசூக்கான பதவியைக் கண்டுபிடித்தவர் யாரோ, கெட்டிக்காரர்.

தளிப் பக்கத்தில் வரவேற்புக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் புழங்கும் எல்லை இது. வாசலில் நிற்பவர் ‘வாங்க’ என்றும் சொல்ல வேண்டும், ‘ரண்டி’ என்றும் சொல்ல வேண்டும், ‘பன்னி’ என்றும் சொல்ல வேண்டும். கடைசிச் சொல்லைக் கன்னடம் தெரியாத தமிழ் விருந்தாளியிடம் சொல்லிவிட்டால் நன்கொடை அன்றோடு சரி.

இதே ஓசூர் வட்டாரத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர் ராஜாஜி. அவருக்கு நெருக்கமான இரண்டு பேர் இந்த உபசாரக் கலையையே தலைகீழாக்கினார்கள். ஒருவர் காந்தி. 1934இல் தீண்டாமை ஒழிப்புப் பயணத்தில், ஊர்க்காரர்கள் சட்டம் போட்டு வாசித்தளித்த உபசாரப் பத்திரத்தை அதே மேடையில் ஏலம் விட்டுக் காசாக்கினார். கையெழுத்துக்கு ஐந்து ரூபாய். மலபாரில் வடகரையில் கௌமுதி என்ற 16 வயதுப் பெண் நகைகளைக் கழற்றிக் கொடுத்தபோது பதில் மரியாதையாகக் கிடைத்தவை, காந்தி தன் கையால் எழுதிய ஒரு வாசகமும் ‘ஹரிஜன்’ இதழில் ஒரு கட்டுரையும்தான். இன்னொருவர் பெரியார். மாலையா, வேண்டாம், அந்தக் காசைக் கொடு என்பார். குழந்தைக்குப் பெயர் வைக்கவும் கையெழுத்துப் போடவும் அவரிடம் கட்டணம் உண்டு. எத்தனையோ விஷயத்தில் எதிரெதிராக நின்ற இருவரும், மாலையை விடப் பணமுடிப்பு மேல் என்பதில் ஒரே கட்சி.

அடுத்த பெரிய மாற்றம் காமராசர் காலத்துப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் நடந்தது. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. பகல் உணவுத் திட்டத்திலேயே ஊரின் பங்கு இருந்தது: ஒரு சாப்பாட்டுக்குப் பத்து காசு என்றால் அரசு ஆறு, ஊர் நான்கு. அதே கணக்கைக் கட்டடத்துக்கும் பெஞ்சுக்கும் நீட்டியதுதான் இந்த மாநாடுகள். முதலாவது 1958இல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில். பள்ளிக்கு என்னென்ன குறை என்று முன்பே பட்டியல் எடுத்துவிடுவார்கள். நிலம், வகுப்பறை, கரும்பலகை, கடிகாரம், சீருடை என்று எது யாருக்கு முடியுமோ அதை ஏற்றுக்கொள்ளலாம். நிலம் எழுதிக் கொடுக்கிற மிராசுதார் வரும் இடத்துக்கே கடிகாரம் வாங்கிக் கொடுக்கிற கடைக்காரரும் வந்தார். கோயிலில் பரிவட்டம் கிடைக்க வழியே இல்லாதவருக்கும் பள்ளிக்கூடத்தில் உபயதாரர் ஆக வழி பிறந்தது.

ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று தொழிற்சாலைகள் அடுத்தடுத்து எழுந்தன. கொடுப்பவரின் முகமும் மாறியது. 2013 நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2022 டிசம்பரில் அரசுப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல்’ திட்டத்தின் அமைப்புக்குத் தலைவராக அமர்த்தப்பட்டவர், டிவிஎஸ்ஸின் வேணு சீனிவாசன். சட்டப்படி கொடுக்க வேண்டியதைக் கொடுப்பவருக்குப் பொன்னாடை எதற்கு என்று கேட்கலாம்தான். ஆனாலும் போர்த்துகிறார்கள், அவர்களும் குனிந்து வாங்கிக்கொள்கிறார்கள்.

கிராமத்துப் பள்ளிகளில் சில ஆண்டுகளாக நடக்கும் கல்விச் சீரைப் பார்த்தால், விருந்தினரை உபசரிக்கும் வித்தையை ஊர் மறக்கவில்லை என்று தெரிகிறது. தாய்மாமன் சீர் போல மேளதாளத்தோடு ஊர்வலம். தட்டுகளில் நோட்டு, பேனா, சாக்பீஸ் டப்பா, குடம். பின்னால் இரண்டு பேர் தூக்கி வரும் பீரோ. பள்ளி வாசலில் ஆசிரியர்கள் சந்தனம், குங்குமம், கற்கண்டோடு நிற்பார்கள். பன்னீர் தெளிப்பது பிள்ளைகளின் வேலை. பெற்றோரே புரவலர், பெற்றோரே சம்பந்தி. இதில் முன்னிலை என்று தனியாக யாரையும் உட்கார வைக்க நேரமிருக்காது. எல்லோர் கையிலும் ஏதோ ஒரு தட்டு.

பெயர் எழுதும் ஆசை மட்டும் போகவில்லை. கல்லில் இருந்தது டியூப் லைட்டுக்கு வந்தது. வெளிச்சத்தில் பாதியை மறைத்துக்கொண்டு ‘உபயம்’ என்று சிவப்பு எழுத்தில் தாத்தா பெயர், ஊர்ப் பெயர், சில சமயம் கடைப் பெயர். பீரோ கதவில், தண்ணீர்த் தொட்டியில், நாற்காலி முதுகில். வகுப்பறை மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் ஒரே குடும்பத்தின் மூன்று பெயர் இருக்கும். விசிறி சுற்றும்வரை அது ஒரு சிவப்பு வட்டம். மின்சாரம் போய் வேர்க்க ஆரம்பித்ததும் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து, உபயதாரர் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள்.