8 கே-யில் ஒரு கூட்டுக் குடித்தனம்

பேச்சிப்பாறை அணையின் முழு மட்டம் 48 அடி. 1906-ல் கட்டி முடித்தார்கள். இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் கிடக்கிறது என்று நாஞ்சில் நாட்டு விவசாயியைக் கேளுங்கள், டக்கென்று சொல்வார். ஆனால் அது பாதிக் கணக்குதான். கன்னிப்பூ நடவு சமயத்தில் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் மடையைத் திறந்தால் கடைமடைக்கு என்ன வந்து சேரும்? மீதிக் கணக்கு அது.

கம்ப்யூட்டர்காரர்களுக்கும் இதே தலைவலி உண்டு. ஒரு பெரிய மெஷின், அதில் தொங்கிக்கொண்டிருக்கும் பத்து நாற்பது பேர். யாருக்கு எவ்வளவு ரேம்?

1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்படோ என்பவர் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் சேர்ந்து பயன்படுத்தலாம் என்று செய்து காட்டினார். கொஞ்ச காலத்தில் அந்த மெஷினின் மெமரியில் சரிபாதி, எல்லோரையும் மேய்க்கிற புரோகிராமுக்கே போய்விட்டது. பாக்கிப் பாதியில்தான் ஆளுக்கொரு முறை. மேஸ்திரி சம்பளம் எப்போதும் ஜாஸ்தி!

பெல் லேப்ஸ் கதை இன்னும் ருசி. கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸை வளர்த்துக்கொண்டிருந்த நேரம். புது மெஷின் வேண்டும், ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுகிறோம் என்று சொன்னால் காசு பெயராது. டைப்பிங் வேலைக்கு உதவும் ஒரு சிஸ்டம் செய்து தருகிறோம் என்று சொல்லி ஒரு பி.டி.பி. 11 வாங்கிவிட்டார்கள். சொன்னபடி 1971-ன் பிற்பாதியில் பேட்டன்ட் டிபார்ட்மென்ட்டிலிருந்து 3 டைப்பிஸ்டுகள் வந்து உட்கார்ந்தார்கள்.

மொத்த மெமரி எவ்வளவு தெரியுமா? 24 கிலோபைட். அதில் சிஸ்டத்துக்கு 16. மற்ற எல்லா வேலைக்கும் 8. ஒருவருடைய புரோகிராம் இன்னொருவர் இடத்தில் கால் நீட்டாமல் தடுக்க வேலியும் கிடையாது. அவர்கள் டைப் அடிக்க, இவர்கள் அதே மெஷினில் புது புரோகிராமைப் பரிசோதிக்க... ஒரு தப்பு நேர்ந்தால் மொத்தமும் படுத்துவிடும். நெஞ்சுரம் வேண்டும்.

அதற்கு முன்பே, 1968-ல், பீட்டர் டென்னிங் இந்த வியாதியைப் பிடித்துவிட்டார். பத்து பேர் உட்காரும் பந்தியில் பதினோராவது ஆள் வந்தால் ஒருவர் எழுந்து இடம் தர வேண்டும். எழுந்தவருக்கும் பசி, அவருக்காக இன்னொருவர் எழ வேண்டும். கடைசியில் எல்லோரும் எழுந்து உட்காருகிறார்களே தவிர, யாரும் சாப்பிடுவதில்லை. ரேம் நிறைந்த சர்வரில் நடப்பது இதுதான். டிஸ்க்குக்கும் மெமரிக்கும் சரக்கு மாற்றுவதிலேயே பொழுது போய்விடும். வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையாது. ஓர் எல்லையைத் தாண்டியதும் தடாலென்று சரியும்.

1999-ல் லினக்ஸ் டெர்மினல் சர்வர் ப்ராஜெக்ட் வந்தது. மேஜையில் ஒரு குட்டிப் பெட்டி, மூளை முழுக்க சர்வரில். பிற்பாடு சென்னையில் நோவாடியம் நிறுவனம் இந்த மாதிரிப் பெட்டியை வீடுகளுக்கே விற்கப் பார்த்தது. லினக்ஸ்காரர்கள் ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள்: 256 எம்.பி., அதோடு ஆளுக்கு 192 எம்.பி. பி.காம் படித்தவனுக்கு இது சட்டென்று புரியும். முதலாவது ஃபிக்ஸட் காஸ்ட், இரண்டாவது வேரியபிள் காஸ்ட். 40 பேருக்கு 7,936 எம்.பி., அதாவது சுமார் 8 ஜி.பி. ஒரே புரோகிராமை 40 பேர் திறந்தாலும் அதன் கட்டளைகள் மெமரியில் ஒரு தடவைதான் உட்காரும். ஆளுக்கு ஆள் மாறுவது அவரவர் சரக்கு மட்டும். கணக்கு கட்டுப்படியாவது அதனால்தான்.

ஆனால் இது கடிதம் அடிக்கிறவருக்கும் இணையம் பார்க்கிறவருக்குமான கணக்கு. சாஃப்ட்வேர் எழுதுகிறவர் வேறு ஜாதிப் பயிர். காலையெல்லாம் எடிட்டரில் சும்மா தட்டிக்கொண்டிருப்பார், சர்வர் கொட்டாவி விடும். சாப்பிடப் போகும் முன் ஒரு கம்பைல் போட்டுவிட்டுப் போவார். அவர் மட்டுமா? பக்கத்து சீட்டும், அதற்கடுத்த சீட்டும். சராசரி பார்த்து ரேம் வாங்கியவர் மாட்டுவது அந்த ஒரு மணிக்குத்தான். அதனால் நாலு பேரை உட்காரவைத்து ஒரே நேரத்தில் கம்பைல் பண்ணச் சொல்லி, எவ்வளவு குடிக்கிறது என்று அளந்த பிறகே விவரம் தெரிந்தவர்கள் 40 பேருக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள்.