ரோத்தான் நம் வீட்டுக்கு வந்த கதை

(பிள்ளைகளை நெறிப்படுத்தப் பிரம்பு வேண்டுமா என்ற தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில், வரலாற்று நோக்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன் பேசிய நண்பர், "நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தானே வளர்ந்தோம், கெட்டா போய்விட்டோம்?" என்று கேட்டார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். நானும் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் அடி வாங்கி வளர்ந்தவன்தான். எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் ரோத்தான் தொங்கும். அம்மா விளக்கேற்றும்போது இரண்டும் சேர்ந்தேதான் கண்ணில் படும்.

அந்த ரோத்தான் அங்கே எப்படி வந்தது என்று நாம் யாரும் கேட்டதில்லை. "அடியாத மாடு படியாது" என்ற பழமொழியைச் சொல்லி, அது நம் முன்னோர் வழி என்று முடித்துவிடுகிறோம். உண்மையில் அதன் கதை அவ்வளவு எளிதானதல்ல.

திண்ணையும் தோட்டமும்

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் பிரம்பு இருந்தது. பையனைக் கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையும் இருந்தது. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பழையது எல்லாமே பொன் என்று சொல்ல நான் வரவில்லை.

ஆனால் கப்பலேறி வந்த நம்மவர்களுக்கு இங்கே வேறொரு பிரம்பு காத்திருந்தது. 1909-ஆம் ஆண்டு பாங்காக் ஒப்பந்தப்படி கெடா சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்குள் வந்தது. கூலிம், கோல மூடா வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டாலும் கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது தொடர்ந்தது. 1938-இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்களை அனுப்புவதற்குத் தடை விதித்த பிறகே அது நின்றது.

தோட்டத்தில் எல்லாமே படிப்படியான அதிகாரம். துரை கிராணியை அதட்டுவார். கிராணி கங்காணியை அதட்டுவார். கங்காணி பெரட்டுக்குப் பிந்தி வந்தவனை ஏசுவார், கையும் ஓங்குவார். அவமானத்தை விழுங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்புகிறவனுக்குக் கீழே இருப்பவர்கள் யார்? மனைவியும் பிள்ளைகளும்தான். மேலிருந்து இறங்கிய கை கடைசியில் ஏழு வயதுப் பிள்ளையின் முதுகில் போய் நின்றது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு மட்டும் அவர்கள் கேட்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்றும் கேட்டார்கள். மரியாதை என்ற பெயரில் பயத்தைக் கேட்காதே என்பதுதான் அதன் பொருள். பெரியவர்கள் தங்களுக்காகக் கேட்ட அந்த நியாயத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோமா என்பதே என் கேள்வி.

ஒரு வாத்தியார், ஆறு வகுப்பு

இனி பள்ளிக்கூடத்துக்கு வருவோம். கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்றது. கெடாத் தோட்டங்களிலும் பள்ளிகள் எழுந்தன. பல இடங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகை. அல்லது கோயிலை ஒட்டிய ஒரு கூடம். ஒரே வாத்தியார் எல்லா வகுப்புக்கும் பாடம் நடத்தினார். சில தோட்டங்களில் கணக்கு வேலையையும் அவரே பார்த்தார்.

நினைத்துப் பாருங்கள். ஒரே கூடத்தில் ஆறு வகுப்பு. ஒரு மூலையில் "அ, ஆ" எழுதும் குழந்தை. இன்னொரு மூலையில் கணக்குப் போடும் பன்னிரண்டு வயதுப் பையன். பயிற்சி இல்லை, துணை ஆசிரியர் இல்லை, புத்தகம் போதவில்லை. அந்தக் கூடத்தை அமைதியாக வைத்திருக்க வாத்தியாருக்குக் கிடைத்த ஒரே உதவியாளர் ரோத்தான். பிரம்பு வளர்ந்ததற்கு வாத்தியாரின் கொடுமை மட்டும் காரணமல்ல. நிர்வாகத்தின் கஞ்சத்தனமும் காரணம். கொடுக்காத ஆசிரியர்களுக்குப் பதில் பிரம்பைக் கொண்டு பள்ளி நடத்தினார்கள்.

பெற்றோரும் அதற்கு இசைந்தார்கள். "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க, வாத்தியாரய்யா" என்று சொல்லித்தான் பிள்ளையை ஒப்படைத்தார்கள். அது கொடுமை அல்ல, ஏக்கம். என் பிள்ளையாவது பால் வாளியைத் தூக்கக்கூடாது, வெட்டுக் கத்தியைத் தொடக்கூடாது என்ற ஏக்கம்.

என்னோடு படித்த ஒருவனைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், பள்ளியின் பெயரும் வேண்டாம். அவன் விடியுமுன் அம்மாவோடு நிரைக்குப் போய் ஒட்டுப்பால் பொறுக்கிவிட்டு, அங்கிருந்து நேராகப் பள்ளிக்கு வருவான். இரண்டாவது பாடத்தில் தூங்கிவிடுவான். தூங்கினால் அடி. மறுநாளும் தூக்கம், மறுநாளும் அடி. ஏன் தூங்குகிறாய் என்று ஒருநாள்கூட யாரும் கேட்கவில்லை. நான்காம் வகுப்போடு நின்றுவிட்டான். பிறகு அவன் கையில் இருந்தது வெட்டுக் கத்திதான்.

"கெட்டா போய்விட்டோம்?" என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். அடி வாங்கித் தேறியவர்கள் மேடையேறிப் பேசுகிறோம். அடிக்குப் பயந்து பள்ளியை விட்டு ஓடியவர்கள் இந்த அரங்கத்துக்கு வருவதில்லை. அவர்களையும் எண்ணினால்தான் கணக்கு சரியாகும்.

தொண்டர் படை சொன்ன பாடம்

ஒழுங்கு என்றால் அடிதான் என்று நினைப்பவர்கள் கெடாவின் சொந்த வரலாற்றைப் படிக்கவேண்டும். போருக்குப் பின், 1946, 1947 ஆண்டுகளில், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம்.சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. இளைஞர்கள் அணிவகுத்துப் பயிற்சி செய்தார்கள். கள்ளுக்கடை முன் மறியல் நடந்தது. அதில் பெண்களும் நின்றார்கள். சம்பளம் வாங்கிய கையோடு கள்ளுக்கடைக்குப் போகும் ஆணால் அன்றிரவு அடி வாங்கப் போவது யார் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும்.

குடிப்பவர்களை மிரட்டினார்கள் என்ற குற்றச்சாட்டு அந்த இயக்கத்தின்மேல் எழுந்தது உண்மை. 1947-இல் போலீஸ் நடவடிக்கை வந்தது, உயிர்ப்பலியும் நேர்ந்தது, தலைவர்கள் கைதானார்கள். இயக்கம் ஒடுக்கப்பட்டது. இருந்தாலும் ஒன்றை அது காட்டிவிட்டுப் போனது. கங்காணியின் அதட்டலுக்கு மட்டுமே அடங்குவார்கள் என்று கருதப்பட்டவர்கள் தாங்களாகவே வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குச் சேர்ந்து நிற்க ஓர் இடமும் பெருமைப்பட ஒரு காரணமும் கிடைத்தன. அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பள்ளியில் எந்த ஆசிரியரும் அடிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. 1959-ஆம் ஆண்டின் பள்ளி ஒழுங்கு விதிமுறைகள் பிரம்படியை ஆண் பிள்ளைகளோடு நிறுத்தின. பெண் பிள்ளைகளை அடிக்கவே கூடாது. தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் வழங்கிய ஆசிரியரோதான் அடிக்கலாம். அதுவும் மெல்லிய பிரம்பால், உள்ளங்கையிலோ உடைமீது பின்புறத்திலோ மட்டும். நாம் வாங்கிய அடிகளில் எத்தனை இந்த வரம்புக்குள் வந்தன? காதைத் திருகியதும், விரல் முட்டியில் ரூலரால் அடித்ததும், வெயிலில் முட்டி போட வைத்ததும் எந்த விதியில் இருந்தன?

1995-இல் மலேசியா குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. சில பிரிவுகளுக்கு மட்டும் விலக்கு வைத்துக்கொண்டது. 2007-இல் பெண் பிள்ளைகளுக்கும் பிரம்படி வேண்டும் என்ற யோசனை எழுந்து பெரும் சர்ச்சையானது. 2016-இல் சிறார் சட்டத்தைத் திருத்தி, சிறுவர்களுக்குப் பிரம்படி விதிக்கும் பிரிவை நீக்கினார்கள்.

வெளியே பாருங்கள். சுவீடன் 1979-இலேயே வீட்டில் அடிப்பதையும் தடை செய்தது. நமக்குப் பள்ளிப் பிரம்பைக் காட்டிய பிரிட்டனே 1986-இல் சட்டம் இயற்றித் தன் அரசுப் பள்ளிகளில் அதைக் கைவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2000-இல் பள்ளி விதிகளில் இருந்த பிரம்படியைச் செல்லாது என்றது. இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல் தண்டனைக்குத் தடை விதித்தது. அவர்கள் எல்லாம் பிள்ளைகளைக் கெடுக்கவா இதைச் செய்தார்கள்?

தோட்டம் போய்விட்டது

பிரம்பு வேண்டும் என்போரின் கவலையை நான் அலட்சியப்படுத்தவில்லை. குண்டர் கும்பல், போதை, பள்ளிக்கு மட்டம் போடுதல் எல்லாம் உண்மைதான். ஆனால் இவை ரோத்தான் குறைந்ததால் மட்டும் வந்தவையா?

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீட்டு மனைகளாயின. நம் மக்கள் சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் பாடாங் செராய்க்கும் குடிபெயர்ந்தார்கள். அப்பா ஒரு ஷிப்ட். அம்மா ஒரு ஷிப்ட். லயத்தில் தப்புச் செய்தால் பத்து வீட்டுக் கண்கள் பார்த்தன. எதிர்வீட்டுப் பாட்டி கேட்டார், கோயில் தலைவர் கேட்டார், மணிமன்றத்து அண்ணன் கேட்டார். அந்த வாழ்க்கை ஒன்றும் சொர்க்கமல்ல. ஆனால் கேட்க ஆள் இருந்தது. அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்தினால் யாருக்கும் எதுவும் தெரியாது. லயத்துச் சொந்தங்களை விட்டுவிட்டு, ஆணியில் தொங்கிய ரோத்தானை மட்டும் எடுத்து வந்தோம்.

வள்ளுவர் அரசனுக்குச் சொன்ன அறிவுரை ஒன்று உண்டு. ஓங்கும்போது கடுமையாக ஓங்கு, இறக்கும்போது மெல்ல இறக்கு என்பது அதன் கருத்து. வெருவந்த செய்யாமை என்ற அதிகாரத்தில் அது வருகிறது. பிறர் அஞ்சி நடுங்கும்படி நடக்காதே என்பதே அந்த அதிகாரத்தின் பொருள். நாட்டை ஆள்பவனுக்கே அப்படி என்றால் வீட்டை ஆள்பவனுக்கு என்ன சொல்வது?

பெற்றோர்களே, கண்டிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கைப்பேசியை வாங்கி வையுங்கள், வெளியே போவதை நிறுத்துங்கள், உடைத்ததை அவனையே சரி செய்யச் சொல்லுங்கள். சொன்னதில் உறுதியாக நில்லுங்கள். கை ஓங்குமுன் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "ஏன்டா தம்பி இப்படிச் செய்தாய்?" பதிலை முழுதாகக் கேளுங்கள்.

அந்தக் கேள்வியை யாராவது அன்று கேட்டிருந்தால், "ஒட்டுப்பால் பொறுக்கிவிட்டு வருகிறேன், ஐயா" என்று என் நண்பன் சொல்லியிருப்பான். ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.