தங்கப் படிக்கட்டிலிருந்து பால்மரக் காடு வரை: பிரியகீதா டியா விடாமல் கேட்கும் கேள்வி

வீவக புளோக்கில் தினமும் ஏறி இறங்கும் படிக்கட்டை என்றாவது நின்று பார்த்திருக்கிறீர்களா? "அதுல பார்க்க என்ன இருக்கு?" என்று தோன்றலாம்.

ஆனால் 2017 மார்ச் மாதம் ஜாலான் ராஜாவில் ஒரு படிக்கட்டைச் சிங்கப்பூரே பார்த்தது. சாம்பல் நிறச் சிமெண்டுப் படிகள் தங்கமாக மின்னின. தங்க நிறத் தாளை ஒட்டியவர் பிரியகீதா டியா. அப்போது அவர் லாசால் கலைக் கல்லூரி மாணவி. வயது 25.

என்ன சர்ச்சை?

புளோக்கின் பொது இடங்களைப் பராமரிப்பது நகர மன்றம். அனுமதி வாங்காமல் செய்த வேலை என்றது ஜாலான் புசார் நகர மன்றம். "அழகா இருக்கே, விட்டுடலாமே" என்றார்கள் சிலர். "எல்லாரும் இப்படி ஆரம்பிச்சா?" என்றார்கள் வேறு சிலர். பொது இடம் யாருக்குச் சொந்தம் என்ற விவாதம் சூடுபிடித்தது.

2018இல் மறுபடியும் தங்க நிறம். இந்த முறை, அடுக்குமாடிக் கட்டடத்தில் தங்க நிறக் கொடிகள். அவையும் நீண்ட நாள் நிலைக்கவில்லை.

ஏன் தங்கம்?

சிராங்கூன் ரோட்டு நகைக்கடைகளைப் பார்த்தாலே தெரியும், தமிழர் வீடுகளில் தங்கம் வெறும் உலோகம் இல்லை. அது சேமிப்பு, சீர், கௌரவம். அந்த நிறம் யாரும் கவனிக்காத படியில் ஏறும்போது, "எதற்கு மதிப்பு? யார் கண்ணில் படுகிறார்கள்?" என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

தொடர் படைப்பு என்றால்?

ஒரே பொருளை அல்லது ஒரே கேள்வியைப் பல படைப்புகளில் திரும்பத் திரும்ப அணுகுவது. பிரெஞ்சு ஓவியர் மோனே 1890-91இல் வைக்கோல் போர்களை வெவ்வேறு வெளிச்சத்தில் ஏறக்குறைய 25 முறை வரைந்தார். வைக்கோல் மாறவில்லை, ஒளி மாறியது. டியாவிடம் கேள்வி மாறவில்லை, பொருள் மாறுகிறது. தங்கத்துக்கு அடுத்து அவர் எடுத்தது ரப்பர்.

ரப்பருக்கும் நமக்கும் என்ன தொடர்பு?

1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை இங்குள்ள பூமலையில் (தாவரவியல் தோட்டத்தில்) ஹென்ரி ரிட்லி உருவாக்கினார். மலாயாவில் தோட்டங்கள் பெருகின. வேலைக்கு ஆள் வேண்டுமே? ஒப்பந்தத்திலும் கங்காணிகள் மூலமாகவும் தமிழர்கள் கப்பலேறினார்கள்.

அந்தக் காலப் படங்களில் மரம் இருக்கும், தோட்டத்தின் பெயர் இருக்கும். பால் மரம் சீவும் பெண்ணின் பெயர் பெரும்பாலும் இருக்காது.

டியாவின் கலை புகுவது இந்த இடத்தில்தான். பழைய ஆவணங்களிலிருந்து தொடங்கி, கணினி வரைகலையில் அந்த உலகத்தை மறுபடி கட்டுகிறார். 2022இல் 'ஃபர்கெட் மீ, ஃபர்கெட் மீ நாட்' என்ற தனிக் கண்காட்சி சிங்கப்பூரில் நடந்தது. கடல் கடந்த நினைவுகளைப் பேசும் 'த சீ இஸ் எ புளூ மெமரி' கொச்சி-முசிரிஸ் பினாலேயில் இடம்பெற்றது.

கற்பனை எப்படி வரலாறாகும்?

ஆகாது. கணினியில் உருவான முகம் உண்மையான ஒருவரின் முகம் அல்ல. தொலைந்த பெயரை அது மீட்டுத் தராது. ஆனால், அங்கே ஒருவர் இருந்தார் என்பதை மறக்கவிடாது. படிக்கட்டில் தங்கம் செய்ததும் அதே வேலைதான்.

உங்கள் குடும்பத்திலும் தோட்டப்புறக் கதை இருக்கலாம். தாத்தா பாட்டியிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: எந்தத் தோட்டம், எந்த லயம், யார் யார் இருந்தாங்க? அந்தப் பெயர்களை எழுதி வையுங்கள். எந்தக் கணினியாலும் அதை உருவாக்க முடியாது.